குளவிப் பாட்டு எடுத்த நாள்

என் அண்ணி இறந்து மூன்று வருடமாகிறது. எப்படி இறந்தார் என்று கேட்டால் தோட்டத்தில் எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள். படம் எடுக்க வந்தவர்கள் பாட்டுப் போட்டார்கள், குளவி கலைந்தது, கொட்டிச் செத்துப்போனார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் மாலை நடந்தது அதில் இல்லை. அது எனக்கும் அண்ணனின் மகளுக்கும் படத்தின் இயக்குநருக்கும் தெரியும். அன்று கூட இருந்த மற்றவர்கள் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

நான் பதுளையில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். பிறந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், வரிசையாகப் பத்துக் காம்பிரா, அதாவது பத்து ஒற்றை அறை வீடுகள், உள்ள லயத்தில். எனக்கு வேலை கிடைத்ததும் டவுனுக்கு வந்துவிட்டேன். அண்ணன் அதே காம்பிராவில் இருந்துகொண்டார். அவர் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் அரைக்கும் பகுதியில் வேலை பார்த்தார். அண்ணி கொழுந்து பறித்தார். அவர்களுக்கு ஒரே மகள்.

பல வருடங்களாக ஒரு பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில் நான் ஒரு சித்திரத் தொடர் வரைந்துவந்தேன். வாரத்துக்கு நாலு கட்டம். அதில் ஒரு கொழுந்துக்காரி வருவாள். தோட்டத்தை நடத்தும் துரை, தொழிற்சங்கத் தலைவர், வாக்குக் கேட்டு வருகிறவர், அளவெடுக்க வருகிற அதிகாரி என்று யார் வந்தாலும் கடைசிக் கட்டத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்வாள். அதோடு எதிரில் நிற்கிறவருக்குப் பேச ஒன்றும் இருக்காது. வாசகர்கள் அவளைக் கூடைக்காரி என்பார்கள். எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. இவ்வளவு நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

அது அண்ணியிடமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போவேன். அண்ணன் மகள் வாசித்துக் காட்டுவாள். அண்ணி அடுப்படியில் இருந்தபடி, "இந்த வாரம் நான் என்னாடி சொல்லியிருக்கேன்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, அதை எப்போது சொன்னோம் என்று யோசிப்பார். ஒருமுறை யாரோ பெரியவர் வந்து லயத்தில் தண்ணீர்க் குழாய் திறந்துவைத்துவிட்டுப் போனார். குழாயில் தண்ணீர் வரவில்லை. "குழாயத் தொறந்துட்டாங்க, தண்ணியத் தொறக்க மறந்துட்டாங்க" என்று அண்ணி சொன்னதை அப்படியே கடைசிக் கட்டத்தில் போட்டேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கூடைக்காரியின் பல்லைக் கொஞ்சம் சின்னதாக வரையச் சொன்னார். நான் வரையவில்லை. பல் பெரிதாக இருந்தால்தான் சிரிப்பு வரும் என்று நினைத்தேன்.

அவர் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பும் ஒருமுறை குளவி கொட்டியிருந்தது. முகம் வீங்கி, ஒரு கண் மூடி, பாயில் படுத்திருந்தார். அப்போதும் வாய் ஓயவில்லை. "அந்தக் குளவிக்கும் பேரு பதிஞ்சு ஒரு காம்பிரா குடுத்துருக்கலாம். இருபது வருசம் காத்துக் கெடன்னு சொன்னா தானா ஓடிப்போயிருக்கும்" என்றார். நான் அன்றைக்கே அதை வரைந்தேன். முதல் கட்டத்தில் வீங்கிய முகத்தோடு கூடைக்காரி துரையின் முன்னால் நிற்கிறாள். இரண்டாவதில் துரை பதிவேட்டைப் புரட்டி, தோட்டத்தில் குளவி என்று யாரும் வேலை செய்யவில்லையே என்கிறார். மூன்றாவதில் குளவிகள், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்கின்றன. நான்காவதில் காம்பிராவுக்கு இருபது வருடம் என்றதும் கூட்டமாகப் பறந்து ஓடுகின்றன. நான் வரைந்ததிலேயே அதிகம் பேர் பாராட்டியது அதைத்தான். அண்ணி நான்கு நாள் சாப்பிட முடியாமல் கிடந்தது அந்த நாலு கட்டத்தில் எதிலும் இல்லை.

அந்தச் சித்திரத்தைப் பார்த்துத்தான் இயக்குநர் என்னைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கொழும்பில் வளர்ந்த இளைஞர். கூடைக்காரியை வைத்துப் பாட்டும் ஆட்டமும் கேலியுமாக ஒரு முழுப் படம் எடுக்கவேண்டும் என்றார். "நீங்கள் ஓமெண்டு சொன்னாக் காணும், சேர். உங்கட நாலு கட்டத்தை நான் கெடுக்கமாட்டன்" என்றார். நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எழுதிய பாட்டுகளையெல்லாம் எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். குளவிகள் சங்கம் அமைப்பதாக ஒரு பாட்டு இருந்தது. படத்தின் நடுவில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மலையில் ஆடும் பாட்டு அதுதான்.

கூடைக்காரியாக நடிக்க வந்தவள் கொழும்புப் பெண். அவளை அண்ணியிடம் அழைத்துப்போனேன். இரண்டு வாரம் அவள் லயத்துக்கு வந்து போனாள். கூடைக் கயிற்றை நெற்றியில் எங்கே வைப்பது, படங்கை இடுப்பில் எப்படிச் சுற்றுவது என்றெல்லாம் அண்ணி காட்டிக்கொடுத்தார். படங்கு என்பது செடி உடம்பில் கிழிக்காமலும் நனையாமலும் இருக்கக் கொழுந்துக்காரிகள் கட்டும் தடித்த தார்ப்பாய்த் துண்டு. அந்தப் பெண் வசனத்தைச் சொல்லச் சொல்ல அண்ணி திருத்துவார். "கோவமாச் சொல்லாத. கோவம் வந்தா அவன் ஜெயிச்சிருவான். சும்மா தண்ணி கேக்குற மாதிரி சொல்லு" என்பார். அவள் அப்படிச் சொன்னதும் நான் திடுக்கிட்டேன். அண்ணியின் குரலே வந்துவிட்டது. படப்பிடிப்புக் குழுவில் எல்லோருக்கும் அண்ணியைப் பிடித்துவிட்டது. ஆடுகிற பெண்களில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

குளவிப் பாட்டை எடுக்க இடம் காட்டியது நான். எட்டாம் நம்பர் மலை. ரோட்டிலிருந்து மேலே பார்த்தால் தேயிலை படிப்படியாக ஏறிப் போகும். பின்னால் நமுனுகுல மலை முழுதாகத் தெரியும். என் சித்திரங்களில் பின்புறத்தில் வருவதும் அதுதான். இயக்குநர் பார்த்ததும் வேறு இடமே வேண்டாம் என்றார். ஆனால் இரண்டு நாள் விடாமல் மழை. குழு சும்மா இருந்தது. மூன்றாம் நாளோடு நடிகை கொழும்புக்குத் திரும்பவேண்டும்.

மழை விட்ட மாலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணி வேலை முடிந்து வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, எட்டாம் நம்பர்ல ரோட்டுக்கு மேல நிக்குற பெரிய மரத்துல கூடு இருக்கு. போன மாசத்துக்கு இப்ப பெருசாயிருச்சு. நாங்களே அந்தப் பக்கம் பேசாமத்தான் கொழுந்து எடுக்குறோம். அங்க பொட்டிய வச்சுப் பாட்டுப் போட வேணாம்னு சொல்லிருங்க."

நீங்களே சொல்லலாமே என்றேன்.

"நான் சொன்னா சிரிப்பாங்க. நான் வாயத் தொறந்தாலே சிரிக்கத்தானே செய்யிறாங்க. நீங்க வாத்தியாரு, நீங்க சொல்லுங்க."

அவர் கூடையை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தார். நான் திரும்பி வந்து பெஞ்சியில் உட்கார்ந்தேன். இயக்குநர் மறுநாள் எங்கே கமெரா வைப்பது என்று தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். சொன்னதைச் சொல் மாறாமல் எழுதுகிறேன்: "நாளைக்கு நடிக்க நிஜக் குளவிகளும் தயார். மரத்துக்கு மேலே ஒரு குடும்பமே குடியிருக்கு. சாப்பாடு கேட்காது, வேனும் கேட்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவற்றுக்கும் மேக்கப் போடவேண்டுமா என்று கமெராக்காரர் கேட்டார். அதற்கும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது இயக்குநர் மட்டும் என்னைப் பார்த்தார்.

"உண்மையாவே கூடு இருக்கோ, சேர்?"

இருக்கிறது, ஆனால் நாம் நிற்கப்போவதிலிருந்து தூரம்தான் என்றேன். அவ்வளவு தூரமில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மரத்தைப் பத்து வருடமாக வரைந்துவந்தவன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்துவிட்டேன். இடத்தை மாற்றினால் பாட்டே எடுபடாமல் போய்விடும் என்ற பயம் இருந்தது. அது என் இடம் என்ற பெருமையும் இருந்தது. இதற்கெல்லாம் மேலாக, ஒரு விஷயத்தைச் சிரிப்பாக்காமல் சொல்ல எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அண்ணி நேரில் போய்ச் சொல்லியிருந்தாலாவது சிரித்துவிட்டு ஒருவர் போய்ப் பார்த்திருப்பார்.

மறுநாள் காலை வானம் துப்புரவாக இருந்தது. இருபது பெண்கள் தேயிலை நிரைகளில் நின்றார்கள். ஸ்பீக்கர்ப் பெட்டிகளை ரோட்டோரம் மரத்துக்குக் கீழே வைத்தார்கள். நான் ரோட்டின் மறுபக்கத்தில் நின்றேன். ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது அண்ணி மேலிருந்து ஒருமுறை மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையை அசைத்தேன். ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில் அசைத்தேன்.

இரண்டு தடவை பாட்டுப் போட்டு எடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. என் மனசிலிருந்த கொஞ்ச உறுத்தலும் போய்விட்டது. மூன்றாம் தடவை மேலேயிருந்து எடுப்பதற்காக ட்ரோனைப் பறக்கவிட்டார்கள். அது மரத்தை ஒட்டி ஏறியது.

பாட்டில் பல்லவி முடிகிற இடமெல்லாம் பெண்கள் "குளவி, குளவி" என்று கத்தவேண்டும். அதனால் மேல் நிரையில் ஒருத்தி கத்தியபோது யாருக்கும் விளங்கவில்லை. பாட்டு ஓடியது. கமெராவும் ஓடியது. இரண்டு பெண்கள் தாளம் தப்பிக் கையை வீசுவதைப் பார்த்து, ஆட்டத்தை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒருத்தி கூடையோடு செடிமேல் விழுந்தாள். அப்போதுதான் நான் மரத்தைப் பார்த்தேன். கூட்டிலிருந்து புகை வருவதுபோல் இருந்தது.

தோட்டத்துப் பெண்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியும். செடிக்கடியில் குப்புற விழுந்து முகத்தை மூடிக்கொண்டார்கள். முடிந்தவர்கள் பள்ளத்துக்கு ஓடினார்கள். நடிகைக்கு அது தெரியாது. நடுவில் நின்று இரண்டு கையையும் வீசிக் கத்தினாள். அண்ணி ஏற்கெனவே இறங்கி ரோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டார். அங்கிருந்து திரும்பி ஏறினார். இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து அந்தப் பெண்ணின் தலையில் போட்டு, அவளைக் கீழே தள்ளி, அதன் ஓரங்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடவுமில்லை, கிட்டப் போகவுமில்லை. யாரோ என்னை வேனுக்குள் இழுத்துக் கதவை மூடினார்கள். ஸ்பீக்கர் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தப் போக ஆளில்லை.

கொழுந்து லொறியில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினொரு பேர். அன்று மாலைக்குள் பலர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணிக்கு மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. முன்பு ஒருமுறை கொட்டியவர் என்பதைக் கேட்டதும், அப்படிப்பட்டவர்களுக்கு மறுபடி கொட்டினால் சிலசமயம் உடம்பு தாங்காது என்றார் டொக்டர். கட்டிலின் தலைமாட்டில் அண்ணன் நின்றார். கால்மாட்டில் மகள் நின்றாள். அண்ணியின் முகத்தில் எது கண் எது கன்னம் என்று தெரியவில்லை.

அந்தப் பிள்ளைக்கு என்ன என்று முதலில் கேட்டார். கையில் இரண்டு மூன்று இடத்தில்தான் கொட்டியது, நன்றாக இருக்கிறாள் என்றேன். பிறகு என் பக்கம் திரும்ப முயன்றார்.

"நீங்க சொல்லியிருப்பீங்க தம்பி. அவங்கதான் கேட்டுருக்க மாட்டாங்க."

நான் அவர் கையைப் பிடித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, வாட்டில் வெயில் விழுந்த பிறகு, அவர் இறந்தார்.

விசாரணை நடந்தது. படக்குழுவுக்கு ரோட்டில் நிற்கத்தான் அனுமதி கொடுத்தோம் என்று தோட்டத்தில் சொன்னார்கள். கூடு இருப்பதைத் தோட்டம் எழுத்தில் தரவில்லை என்று படக்குழுவின் மேலாளர் சொன்னார். பொலிஸில் என்னிடமும் வாக்குமூலம் எடுத்தார்கள். கூட்டைப் பற்றி முன்கூட்டியே தெரிவித்தீர்களா என்று கேட்டார்கள். தெரிவித்தேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். இயக்குநர், "சேர் சொன்னவர், நான்தான் யோசிக்கேல்லை" என்று தன் மேலேயே போட்டுக்கொண்டார். நான் எப்படிச் சொன்னேன் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கேட்டது அண்ணன் மகள். சாவு வீட்டுக் காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். பின்னாளில் தண்ணீர் வரத் தொடங்கிய அந்தக் குழாயடியில் அவள் வாளியை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். நான் புறப்படுவதாகச் சொல்லப் போனேன்.

"அம்மா சொன்னத அவங்ககிட்ட சொன்னீங்களா சித்தப்பா?"

"சொன்னேன்."

"எப்பிடிச் சொன்னீங்க?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் வாயில் வேறு சொற்கள் வரவில்லை. மடுவத்தில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். சாப்பாடு கேட்காது, வேனும் கேட்காது என்பதுவரை சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீங்களும்?"

ஆமாம் என்றேன். வாளி நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.

அதன்பிறகு நான் கொழும்புக்குப் போய் இயக்குநரைப் பார்த்தேன். தூரம்தான் என்று சொன்னது பொய், எனக்கு மரமும் கூடும் நன்றாகத் தெரியும் என்றேன். தெரிந்திருந்தாலும் அன்று அந்தப் பாட்டை எடுத்துத்தான் இருப்பேன் என்று அவர் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரோ, உண்மையைச் சொன்னாரோ. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிரிந்தோம்.

படம் ஒன்றரை வருடம் கழித்து முடிந்தது. குளவிப் பாட்டை எடுத்துவிடவா என்று கேட்க இயக்குநர் லயத்துக்கே வந்தார். அண்ணன் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"இருக்கட்டும். அவ வேற எந்தப் படத்துல இருக்கா?" என்றார்.

பதுளையில் ஒரு மண்டபத்தில் தோட்டத்துச் சனத்துக்காகப் போட்டுக் காட்டினார்கள். நடிகை வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் வரவில்லை. படம் நன்றாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தண்ணீர்க் குழாய் வசனத்துக்குக் கைதட்டினார்கள். நடிகை அதைத் தண்ணீர் கேட்பதுபோலத்தான் சொன்னாள். குளவிப் பாட்டில் முதல் இரண்டு தடவை எடுத்ததைச் சேர்த்திருந்தார்கள். அண்ணி இடது ஓரத்தில் வந்தார். கொஞ்சம் பிந்தித்தான் கையைத் தூக்கினார், கண் மரத்துப் பக்கம் போய்வந்தது. மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த காட்சியில் துரை சேற்றில் வழுக்கி விழுந்தார். மறுபடி சிரித்தார்கள். பஸ்ஸில் வரும்போது அண்ணன், பாட்டு எடுத்த அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை எட்டாம் நம்பருக்குக் கொண்டுவரும்படி அண்ணி தன்னிடம் சொல்லியிருந்ததாக மட்டும் சொன்னார்.

படம் வந்ததும் பத்திரிகைக்காரர்கள் தொடரை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள். அண்ணி இறந்ததிலிருந்து நான் நிறுத்தியிருந்தேன். உட்கார்ந்து வரைந்துபார்த்தேன். உருவம் வந்தது. மலை வந்தது. கடைசிக் கட்டத்தில் அவள் வாய்க்கு மேலே போட்ட வட்டத்துக்குள் எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு வாரம் முயன்றேன். முடியாது என்று எழுதி அனுப்பினேன். அந்த இடத்தில் இப்போது குறுக்கெழுத்துப் போட்டி வருகிறது.

அண்ணன் மகள் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். என்னோடு பேசுவாள். முன்பு போல் இல்லை, தேவைக்குப் பேசுவாள். போன மழைக்காலத்தில் அவள் டவுனுக்கு என் வீட்டுக்கு வந்தாள். லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றாள். நான் தாளை எடுத்தேன். வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"வேற ஒண்ணும் சேக்காதீங்க சித்தப்பா" என்றாள்.

சேர்க்கவில்லை. இருவரும் போய் அதிகாரிகளின் கந்தோரில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தரும்வரை அவள் மேசையை விட்டு நகரவில்லை. ஆட்கள் வந்து பார்த்தார்கள், குடும்பங்களைப் பாடசாலையில் போய்த் தங்கச் சொன்னார்கள். எல்லோரும் போனார்கள். அண்ணன் மட்டும் போகமாட்டேன் என்று காம்பிராவிலேயே இருந்தார். மகள் கெஞ்சிப் பார்த்தாள், கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழையோடு நான் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மண்ணு எறங்குனா நீ செத்துப் போயிருவ. எந்திரி" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். இப்போது என் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். டவுன் அவருக்குப் பிடிக்கவில்லை. வாகனச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்கிறார். மகள் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து அவர் துணிகளைத் துவைத்துப் போடுகிறாள். வந்தால் தேநீர் குடிக்கிறாள். இருந்து சாப்பிட்டுப் போ என்றால், நேரமில்லை என்று சொல்லிப் புறப்பட்டுவிடுகிறாள்.